உதயகலா டீச்சரின் ஒடுக்கற்பிரிவு

"நாலாம் சைஸ் இடதுகால் ஆரிட்டை இருக்கு? கழட்டித் தாங்கோ பிள்ளை." உதயகலா டீச்சர் நிலத்தில் முழந்தாளிட்டு இருந்து சப்பாத்துகளை அளவுப்படி அடுக்கிக்கொண்டிருக்கிறார். பெரியதில் ஒரு சோடி, நடுத்தரத்தில் ஒரு சோடி, சின்னதில் ஒரு சோடி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலில் மேஸ் மட்டும் போட்டபடி சுற்றி நிற்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னுடைய ஒன்பதாம் வகுப்பும் வெறுங்காலாகிவிடும். இந்தப் பாடத்தில் சப்பாத்துகள்தான் உயிர்க்கலத்துக்குள் பரம்பரையைக் காவும் நிறமூர்த்தங்கள்; கலம் பிரிவதற்கு முன்னர் அவை இரட்டிப்பாக வேண்டுமாம். ஒவ்வொரு சப்பாத்துக்கும் அதே அளவில், அதே காலில் இன்னொன்று தேவை. அந்தப் புண்ணிய காரியத்துக்கென்றே எங்களுடைய வகுப்பைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள தட்டி தோள் உயரத்துக்குத்தான் வருகிறது. அதற்கு மேல் அடைக்கக் கட்டடக்காரருக்கு மனம் வரவில்லை. அதனால் நான் கேட்காமலே பல வருடங்களாகக் கலப்பிரிவு படித்துவருகிறேன். செய்யுளின் பொருளை நான் சொல்ல வாயெடுக்கும்போது தட்டிக்கு மேலால் டீச்சரின் தலை தெரியும். "சேர், மூண்டாம் சைஸ் வலதுகால் ரெண்டு தருவியளே?" நாங்கள் கொடுப்போம். விஞ்ஞானத்துக்குத் தமிழ் செய்த தொண்டு என்று யாராவது எழுதினால், இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் முறை இதுதான். இடதுகால் சப்பாத்து தாயிடமிருந்து வந்தது, வலதுகால் தகப்பனிடமிருந்து வந்தது. சின்னச் சோடியில் சோக்கால் எழுத்தும் இருக்கும்: பெண்ணென்றால் இரண்டு எக்ஸ், ஆணென்றால் ஒரு எக்ஸ், ஒரு வை. இரட்டித்த சப்பாத்துகள் இரண்டையும் லேஸால் முடிந்துவிடுவார். அந்த முடிச்சுக்குப் பெயர் மையப்பாத்து. நிலத்தில் சோக்கால் ஒரு கோடு. கோட்டின் இரு பக்கமும் சோடி சோடியாகச் சப்பாத்துகள். இரண்டு முனையிலும் இரண்டு பிள்ளைகள் கயிறு பிடித்து இழுப்பார்கள், அவர்கள் கதிர்நார்கள். முதலாம் பிரிவில் சோடி பிரியும். இரண்டாம் பிரிவில் முடிச்சு அவிழும். கடைசியில் நாலு குவியல், ஒவ்வொன்றிலும் முதலில் இருந்ததில் பாதி, மூன்று சப்பாத்து. அந்தக் குவியல்தான் புணரி, அதாவது இனப்பெருக்கக் கலம். வாசனையையும் சேர்த்துப் பார்த்தால் இதைவிட உயிருள்ள உயிரியல் பாடத்தை நான் எங்கும் கண்டதில்லை.

பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள். பிரியச் சொன்னதும் இடதுகால் எல்லாவற்றையும் ஒரு பக்கமும் வலதுகால் எல்லாவற்றையும் மறுபக்கமும் நேர்த்தியாக இழுத்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வெந்நீர்ப் போத்தலோடு வரும் சனம் அதன் முகத்தைப் பார்த்தே பங்கு பிரிக்கத் தொடங்கிவிடும் ஊர் இது. மூக்கு தாய்ப்பகுதி, நிறம் தகப்பன் பகுதி, பிடிவாதம் சந்தேகமில்லாமல் மற்றப் பகுதி. கலியாண வீட்டுப் பந்தலிலும் மாப்பிள்ளை பகுதி ஒரு பக்கம், பொம்பிளை பகுதி ஒரு பக்கம். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு நிறமூர்த்தம் மட்டும் கலந்து நிற்கும் என்றால் எப்படி மனம் ஒப்பும்? டீச்சர் தலையில் கைவைப்பார். "பகுதி பகுதியாய் இருக்க இதென்ன கலியாணவீடே? கலந்து நில்லுங்கோ, கலந்து நில்லுங்கோ" என்பார். சப்பாத்துகள் கலந்து நிற்கும். மணி அடித்ததும் பிள்ளைகளும் கலந்து நிற்பார்கள், தங்கள் சப்பாத்தைத் தேடி. ஒரு காலில் நாலும் மற்றக் காலில் ஐந்தும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் தாய்மார் அடுத்தநாள் வந்து பாடசாலை அதிபரிடம் முறையிடுவார்கள். அதிபர் மரியரட்ணம் சேர், விஞ்ஞானத்துக்குத் தான் எதிரியில்லை என்றும் சப்பாத்துக்குத்தான் எதிரி என்றும் டீச்சருக்கு எடுத்துச் சொல்வார். டீச்சர் உடனே ஒத்துக்கொள்வார். அடுத்த வருடமும் சப்பாத்துதான்.

ஒத்துக்கொள்வது அவருடைய தொழிலில் ஒரு பகுதி என்றே நான் நினைத்திருந்தேன். உடுப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் பாடசாலை இருக்கும் புத்தூருக்கு வருகிறார். இருக்கை கிடைத்தாலும் பக்கத்தில் யாராவது வந்து நின்றால் எழும்பிவிடுவார். நிற்பவர் பாடசாலைப் பொடியனாக இருந்தாலும் எழும்புவார். கொண்டக்டர் மறந்துபோய் ஒரு தரிப்பு தாண்டி இறக்கிவிட்டால், "பரவாயில்லைத் தம்பி, நடந்தால் நல்லதுதானே" என்று அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் இரண்டு பேரிடமும் தனித்தனியே, "நீங்கள் சொல்லுறதும் சரிதானே" என்பார். யாருக்கும் நோகாமல் ஐம்பத்திரண்டு வயது வரை வந்திருக்கிறார். அதன் பலனாக விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டுவது, வாணி விழாவுக்குக் கடலை அவிப்பது, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது எல்லாம் அவருடைய தலையில். மறுத்துப் பேசத் தெரியாதவர் என்று எங்கள் ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை நாங்கள் எல்லோரும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம்.

சாதாரண கலப்பிரிவான இழையுருப்பிரிவு படிப்பிக்கும்போது டீச்சர் உண்மையிலேயே சந்தோசமாக இருப்பார். அது வெங்காய வேரில் நடக்கிறது. வெங்காயத்துக்கு மானப் பிரச்சினை கிடையாது. புத்தூரில் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் வெங்காயம் வரும். சில பிள்ளைகள் பிடியோடு கொண்டுவந்து, "மிச்சத்தை வீட்டை கொண்டு போங்கோ டீச்சர்" என்பார்கள். தண்ணீர்க் கிளாசில் வேர் விடவைத்து, நுனியை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடித் துண்டுக்கிடையில் வைத்துப் பெருவிரலால் நசிப்பார். பிறகு பிள்ளைகள் வரிசையில் நின்று நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துத் தங்கள் சொந்தக் கண்ணிமை மயிரைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் படத்தைக் கொப்பியில் வரைவார்கள். தாய்க்கலம் ஒன்று, அச்சொட்டாய் அதைப்போலவே மகட்கலம் இரண்டு. பிரிவின் கட்டங்கள் முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை. டீச்சரின் குரல் முற்றம் வரைக்கும் கேட்கும்.

ஒடுக்கற்பிரிவு வந்ததும் அந்தக் குரல் இறங்கிவிடும். அது வெங்காய வேரில் நடப்பதில்லை. எங்கே நடக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. டீச்சர் சொல்வதில்லை. "ஒடுக்கற்பிரிவு உரிய இடத்தில் நடைபெறும். எழுதுங்கோ." பிள்ளைகள் எழுதுவார்கள். ஒருமுறை ஒரு பெடியன் எழும்பி, உரிய இடம் எது டீச்சர் என்று கேட்டுவிட்டான். அது சோதினைக்கு வராது என்று சொல்லி இருத்தினார். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒடுக்கற்பிரிவு என்பது சப்பாத்தில் நடக்கும் ஒரு விசயம். அதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஏதோ தொடர்பிருப்பதாகச் சந்தேகித்தவர்கள் வகுப்பில் ஓரிருவர்தான்.

அந்த வருடம் கல்வி வலயம் நடத்திய தவணைப் பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது: மனிதரில் ஒடுக்கற்பிரிவு நடைபெறும் இடங்கள் இரண்டைத் தருக. வகுப்பு முழுவதும் ஒரே மனதாக விடை எழுதியது. ஒன்று, உரிய இடம். இரண்டு, மற்ற உரிய இடம். வேறொரு பாடசாலையில் திருத்திய ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். இதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்களில் யாராவது அந்த இடங்களின் பெயரைப் பெடியளும் பெட்டையளும் இருக்கும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லியிருப்போமா என்று கேட்டால், நான் செய்யுளுக்குப் பொருள் சொல்லப் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவரைத்தான், பிள்ளைகளுக்கு ஊத்தைக் கதை படிப்பிக்கிறார் என்று சொல்லி வாகீசன் ஒரு திங்கட்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாகீசனுக்கு வெங்காயத் தோட்டம் இருக்கிறது, லொறி இருக்கிறது, பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் பதவியும் இருக்கிறது. நாலு பெண் பிள்ளைகள். மூன்றாவது பிள்ளை அனுஜா பத்தாம் வகுப்பில். வாகீசனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருக்களித்து இருந்து வந்தவர் அவருடைய மனைவி தயாளினி. டீச்சரையும் என்னையும் அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவன் என்ற முறையில் நான் சாட்சி.

நடந்ததை வாகீசனே சொன்னார். சனிக்கிழமை அவருடைய தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. வீடு நிறையச் சனம். பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அவருடைய தமக்கை இராசாத்தி, தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஒரு தம்பி இருந்தான், அந்தத் தம்பிக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கினம் என்று கேட்டாராம். பதிலையும் அவரே சொன்னாராம்: தயாளினியின் வயிற்றில் பொட்டையள் மட்டும்தான் தரிக்கும். இது புதுக்கதை இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் பாயாசத்தோடு சேர்த்துப் பரிமாறப்படும் கதை. தயாளினி வழக்கம்போலச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்த அனுஜா போகவில்லை. "மாமி, அம்மாவிட்டை எக்ஸ் மட்டும்தான் இருக்கு. வை அப்பா குடுக்கவேண்டிய சாமான். அவர் நாலு தரமும் குடுக்கேல்லை" என்றாளாம்.

பந்தி அப்படியே நின்றுவிட்டது. பிறகு பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வாகீசனைப் பாடசாலைக்குக் கூட்டி வந்தது தகப்பனின் துக்கமோ தமக்கையின் மானமோ இல்லை, அந்தச் சிரிப்புத்தான். அதைச் சொல்லும்போதுதான் அவருடைய காது சிவந்தது.

அதிபர் என்னைப் பார்த்து, டீச்சர் வகுப்பில் தகாத சொல் ஏதாவது பாவித்தாரா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்த வகுப்பிலிருந்து நான் கேட்ட ஆக மோசமான சொல் சப்பாத்து என்று சொன்னேன். வாகீசனுக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. டீச்சர் இப்போதே, தன் முன்னாலேயே, அனுஜாவைப் பார்த்து, தான் படிப்பித்தது பிழை என்று சொல்ல வேண்டும். சொன்னதும் தாயும் மகளும் நேரே போய் இராசாத்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். டீச்சர் சொல்லாவிட்டால் அனுஜாவுக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லை, தோட்டத்தில் நிறைய வேலை கிடக்கிறது. தகப்பனின் குரலைக் கேட்டு அனுஜா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு தயாளினி. அறையில் மூன்று கதிரைகள் இருந்தன. ஒன்றில் வாகீசன் இருந்தார், ஒன்றில் அதிபர் இருந்தார். மூன்றாவது கதிரையில் விடைத்தாள் கட்டுகள் இருந்தன. தயாளினியை இருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மரியரட்ணம் சேருக்கு அடுத்த வருடம் ஓய்வு. பிரச்சினையில்லாமல் பிரியாவிடை மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. "ஒரு வார்த்தைதானே டீச்சர். சொல்லிவிடுங்கோ. பிள்ளையின்ரை படிப்பும் குழம்பாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் அனுஜா பள்ளிக்கூடத்தில் இருப்பாள், சங்கத் தலைவர் சமாதானமாவார், அதிபர் மாலை வாங்குவார். தயாளினி மட்டும் சாகும் வரைக்கும் அந்தச் சாம்பார் வாளியோடு வரிசை மாற வேண்டியிருக்கும். ஏற்கெனவே மாறிப் பழகியவர்தானே. டீச்சர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

"நீங்கள் சொல்லுறதும்" என்று தொடங்கினார் டீச்சர். வாகீசன் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

டீச்சர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். வாசலைப் பார்த்தார். தயாளினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்பது அவருக்குப் பழக்கமாகிவிட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்துவிட்டு டீச்சர் நிற்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"இல்லை, நீங்கள் சொல்லுறது பிழை" என்றார் டீச்சர்.

குரல் இறங்கவில்லை. "ஒடுக்கற்பிரிவு ஆம்பிளையளுக்கு விதையிலை நடக்கிறது. பொம்பிளையளுக்குச் சூலகத்திலை. சூல் எல்லாத்திலையும் எக்ஸ்தான் இருக்கும். விந்திலைதான் பாதி எக்ஸ், பாதி வை. பிறக்கிறது பெடியனோ பெட்டையோ எண்டது விந்தாலை வாறது. உங்கடை மனிசியிலை ஒரு பிழையும் இல்லை. உங்களிலையும் இல்லை, அது ஆரும் நினைச்சுச் செய்யிறதில்லை. பிள்ளைக்கு நான் படிப்பிச்சது சரி. அவள் சொன்னதும் சரி."

மரியரட்ணம் சேர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. நான் என் சேட்டுப் பையில் இருந்த பேனையை எடுத்துத் திரும்பவும் பையில் வைத்தேன். என்னுடைய இருபது வருடச் சேவையில் அந்த அறையில் உச்சரிக்கப்படாத சொற்கள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்துவிட்டன. கூரை இடிந்து விழவில்லை என்பது எங்களுக்கெல்லாம் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"என்ன கதை டீச்சர் கதைக்கிறியள், பிள்ளை நிக்குது" என்றார் வாகீசன்.

"பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொன்னனான்."

வாகீசன் எழும்பினார். சங்கத்தைக் கூட்டுவதாகவும் வலயத்துக்குப் போவதாகவும் அதற்கு மேலும் போவதாகவும் அதிபரிடம் சொன்னார். வாசலில் நின்ற இருவரையும் கடந்து போய் மோட்டார் சைக்கிளை உதைத்து ஏறினார். அது உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் ஏற ஆள் வரவில்லை. கோர்ன் அடித்தார். வலயத்துக்குப் போகிறவர் தனியாகப் போகலாம்தான். ஆனால் மனைவி பின்னால் இல்லாமல் கோபித்துக்கொண்டு போவது எப்படி என்பது அவருக்குப் பழக்கமில்லை போலும்.

தயாளினி அசையவில்லை. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவருடைய குரலை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

"டீச்சர், அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வெளியே கோர்ன் திரும்பவும் கேட்டது, இந்தமுறை நீளமாக. உதயகலா டீச்சர் மூன்றாவது கதிரையில் இருந்த விடைத்தாள் கட்டுகளை இரண்டு கையாலும் அள்ளி அதிபரின் மேசையில், அதிபரின் முன்னாலேயே வைத்தார். வெறுமையான கதிரையைத் தயாளினியின் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு சுவரில் அதிபர் தன் கையால் அன்றைய மாணவர் வரவு எழுதி வைத்திருந்த கரும்பலகையைச் சேலைத்தலைப்பால் ஒரே இழுவையில் அழித்துவிட்டு, நடுவில் பெரிதாக ஒரு கலத்தின் வட்டம் கீறினார்.